பந்தத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்: குளவிக்கூடுகள் குறித்து யாழ். உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாநகர முதல்வர் அவர்களுக்கும், பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி நகர சபைகளினதும் மாவட்டத்தின் 13 பிரதேச சபைகளினதும் தவிசாளர்கள், உறுப்பினர்கள், செயலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

வளவுக்குள் குளவிக்கூடு கண்ட வீட்டுக்காரர் எந்த வாசலில் போய்க் கேட்பதென்று தெரியாமல் இரண்டு மூன்று நாள் அலைகிறார். பிறகு ஒழுங்கையில் உள்ள பொடியன்கள் தடியில் சாக்குச் சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்து, பந்தம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். உதவி செய்யும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் எங்களுக்குக் கூட்டைவிட அந்தப் பந்தத்தில்தான் பயம். சும்மா விட்டிருந்தால் தங்கள் பாட்டில் பறந்து திரிந்திருக்கும் குளவிகள், தீ பட்ட அரை நிமிடத்தில் ஒழுங்கை முழுவதும் பரவுகின்றன. பந்தம் பிடித்தவர் ஓடித் தப்பிவிடுவார். அடுத்த வளவில் கட்டியிருக்கும் ஆடும், திண்ணையில் இருக்கும் கிழவியும் ஓட முடியாதவர்கள்.

குளவிக்கூடு அகற்றுவதைச் சபையின் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள், அதை இருட்டில், தீயில்லாமல், பழகிய ஆட்களைக்கொண்டு செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறோம். வெறும் கோரிக்கையாக நிற்காமல், வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். உங்கள் ஊழியர்கள் இதை அப்படியே கையில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில், தீ ஏன் உதவாது என்பது. பெருங்குளவியின் கூடு வெளியில் பார்க்க ஒரு பந்து. உள்ளே அடைகள் தட்டுத் தட்டாக ஒன்றின் கீழ் ஒன்று தொங்கும். அவற்றைச் சுற்றி, மரநாரை மென்று உமிழ்நீரில் குழைத்துச் செய்த கடதாசி போன்ற உறை, மடிப்புக்கு மேல் மடிப்பாக இருக்கும். மடிப்புகளுக்கு இடையில் நிற்கும் காற்று கூட்டின் சூட்டை ஒரே அளவில் வைக்கிறது. தீ பட்டால் உள்ளே இருப்பவற்றுக்குச் சில விநாடி அவகாசம் கொடுப்பதும் அதே காற்றுத்தான். உறை எரிந்து முடிய முன்பே காவல் குளவிகள் வாசலால் வெளியே வந்துவிடும். கூட்டைத் தாங்கிய கிளையோ ஓலையோ கருகினால் கூடு முழுதாகக் கீழே விழும். பந்தம் பிடித்தவர் நிற்பது அதற்கு நேர் கீழே.

பனையில் என்றால் காவோலை வழியாகத் தீ வட்டுவரை ஓடும். சோளகம் வீசும் மாதங்களில் பக்கத்துக் கிடுகு வேலியும் சேர்ந்து பிடிக்கும். அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழே பிடித்தால், சூடேறிய சீற் வெடித்துச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். இன்னொரு பழக்கம், பூச்சி ஸ்பிறேயை லைற்றர் சுடருக்கு முன் பிடித்து அடிப்பது. ஸ்பிறே தகரத்தில் உள்ள உந்துவாயு தீப்பற்றக்கூடியது. அது குளவியைக் கொல்வதைவிட அடிப்பவரின் கையையும் முகத்தையும் எரிப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கல்லெறிவதும் தும்புத்தடியால் அடிப்பதும் இதே வகைதான். நசுங்கிய குளவியின் நஞ்சிலிருந்து எழும் வாடையே மற்றக் குளவிகளுக்கு அபாயச் செய்தி. கொட்டு வாங்கிய தோலிலும் சட்டையிலும் அந்த வாடை ஒட்டிக்கொள்ளும். ஒருவரை ஒன்று கொட்டினால் பின்னால் வருபவை அவரையே தேடி வருவது அதனால்தான்.

எல்லாவற்றையும் நாங்கள் குளவி என்றே சொல்லிவிடுகிறோம். சபைக்கு முறைப்பாடு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கூடு எப்படி இருக்கிறது?" என்பது. குளவியைக் கிட்டப் போய்ப் பார்ப்பதைவிடக் கூட்டைத் தூர நின்று பார்ப்பது எளிது, பாதுகாப்பும் கூட.

சுவரில் அப்பிய மண்ணுருண்டை என்றால் அது மண்குளவி. கறுப்பும் மஞ்சளுமாக, நூல் போன்ற ஒடுங்கிய இடையோடு தனியாகத் திரியும். அதில் ஒரு வகைக்கு அறிவியற் பெயரே மதராஸ்பட்டணத்தை வைத்து, சீலிஃப்ரன் மதராஸ்பட்டானம் என்று வந்தது. புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போலக் குளவியாக்கும் என்று சைவ சித்தாந்தம் படித்தவர்கள் உவமை சொல்லும் வேட்டுவன் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். உண்மையில் அது சிலந்தியைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து, தன் குஞ்சுக்கு உணவாக உள்ளே வைத்து அடைக்கிறது. புழுவை அடைக்கும் மண்குளவிகளும் உண்டு. கூட்டைக் காக்க இவை கூட்டமாக வராது. தண்ணீர்க் குழாய் வாயையோ பூட்டுத் துவாரத்தையோ அடைத்தால் மட்டும் சுரண்டி எடுத்தால் போதும். இதற்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

உறையில்லாமல், அறைகள் கீழ்நோக்கித் திறந்தபடி ஒற்றைக் காம்பில் தொங்கும் சின்ன அடை, கடதாசிக் குளவியினுடையது. யன்னல் மேற்படி, கேற்றின் உட்புறம், மின்மானிப் பெட்டி, குரோட்டன் செடி, இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். கொட்டும், ஆனால் கூட்டில் இருப்பவை பெரும்பாலும் சில பத்துத்தான். உயர மரக்கிளையிலோ தண்ணீர்த் தாங்கிக்குக் கீழோ கோபுரத்திலோ, உறையில்லாத ஒற்றை அடை அரைவட்டமாகத் தொங்கி, மேலே தேனீக்கள் போர்வைபோல மூடியிருந்தால் அது பெருந்தேனீ. அது வேறு கதை. தேனீ வளர்ப்போரைக் கூப்பிடுங்கள், நஞ்சு அடிக்க வேண்டாம்.

மடலின் மையம் நாலாவது. உடல் கறுப்பு, வயிற்றின் முன்பாதியில் செம்மஞ்சள் பட்டி, வெஸ்பா அஃபினிஸ் என்ற பெருங்குளவி. உறையால் மூடிய கூடு, பக்கத்தில் ஒரு வாசல். மாவிலும் பூவரசிலும் கட்டும், வடலிப் பற்றைக்குள் முழங்கால் உயரத்திலும் கட்டும். பனங்காய் பொறுக்கப் போகிறவர், வேலிக்குக் கதியால் வெட்டுகிறவர், பட்டம் சிக்கிய மரத்தில் ஏறும் பிள்ளை, கள்ளின் மணத்துக்குக் குளவி வந்து மொய்க்கும் முட்டியைக் கையில் எடுக்கும் சீவல் தொழிலாளி, இவர்கள்தான் முதலில் அகப்படுபவர்கள். இதன் கூட்டை வீட்டுக்காரர் தொடக்கூடாது. இதற்குத்தான் சபையின் அணி வேண்டும்.

அணிக்கு மூன்று பேர். இருவர் கூட்டருகே, ஒருவர் தள்ளி நின்று வாகனத்தையும் ஆட்களையும் பார்ப்பவர். மூன்றாமவரை மிச்சப்படுத்த வேண்டாம். கூட்டருகே ஒருவர் விழுந்தால், அம்புலன்ஸைக் கூப்பிடவும் ஒழுங்கை வாயிலை மறிக்கவும் கொட்டு வாங்காத ஒருவர் இருக்க வேண்டும். முன்பு எப்போதாவது ஒரு கொட்டுக்கே உடல் முழுதும் தடித்தவரையோ மூச்சு முட்டியவரையோ இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

உடை. மெல்லிய தேனீ வளர்ப்பு உடை மட்டும் போதாது. பெருங்குளவியின் கொடுக்கு அதைத் தாண்டித் தோலைத் தொடும். உள்ளே தடித்த டெனிம், மேலே கித்தான் அல்லது தடித்த மழையங்கி என இரண்டு அடுக்காவது வேண்டும். முகவலை முகத்தைத் தொடாமல் தள்ளி நிற்க, உள்ளே அகன்ற விளிம்புத் தொப்பி. தோற் கையுறை முழங்கைவரை. காற்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட்டு, கணுக்காலைச் சுற்றி அகன்ற ரேப் ஒட்ட வேண்டும். கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய மூன்று இடங்களின் வழியாகத்தான் குளவி உள்ளே நுழைகிறது. ஒருவரின் உடையை மற்றவர் தடவிப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும்.

வேலை பகலிலேயே தொடங்குகிறது. 20 மீற்றர் தள்ளி நின்று பார்த்து வாசல் எந்தப் பக்கம், இரண்டாவது வாசல் உண்டா, கிளை எவ்வளவு தடிப்பு, மின்கம்பி எவ்வளவு கிட்ட என்று குறித்துக்கொள்ள வேண்டும். கம்பிக்குக் கிட்ட என்றால் மின்சார சபை மின்னை நிறுத்தும்வரை கை வைக்கக்கூடாது. சுற்றியுள்ள வீடுகளுக்கு மாலையிலேயே சொல்லி, கதவு யன்னல் சாத்தி, வெளி விளக்குகளை அணைக்கச் செய்ய வேண்டும். நாய், ஆடு, மாடு, கூட்டுக்கோழி எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும். கட்டிய மிருகம்தான் முதலில் சாகும். தெருவிளக்கை அணைப்பது உங்கள் கையிலேயே இருக்கிறது. வேறு யார் இந்த வேலைக்கு வந்தாலும் அவர்களுக்கு இல்லாத வசதி இது.

இருட்டி ஒன்றரை மணி நேரம் போன பிறகே தொடங்க வேண்டும். மைம்மலில் போனால் இரை தேடப் போனவை இன்னும் திரும்பிக்கொண்டிருக்கும். முதுகுக்குப் பின்னால் இருந்து வரும். பறுவத்தை ஒட்டிய வெளிச்ச இரவுகளையும், கிளை ஆடும் காற்றுள்ள இரவுகளையும் தவிருங்கள். வெளிச்சம் சிவப்பாக இருக்கட்டும். குளவியின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி கிட்டத்தட்ட இருட்டு. ரோச் கண்ணாடிக்குச் சிவப்புச் செலோபேன் தாள் இரண்டு மடிப்புக் கட்டினால் போதும். ரோச்சைத் தலையில் கட்ட வேண்டாம். மூன்று மீற்றர் தள்ளி ஒரு தடியில் கட்டி நிறுத்துங்கள். கலைந்த குளவி வெளிச்சத்தை நோக்கித்தான் பாயும், தலையில் விளக்கு இருந்தால் பாய்வது முகத்துக்கு.

கூட்டருகே பேச்சில்லை, மூச்சையும் கூட்டின் பக்கம் விடக்கூடாது. கிளையைத் தொடாமல் வாசலுக்குள் பைரித்திரொயிட் வகைப் பூச்சிகொல்லி ஸ்பிறேயைப் பத்து விநாடி விடாமல் அடிக்க வேண்டும். உடனே பேமெத்திரின் என்ற பூச்சிகொல்லியின் 0.5 வீதத் தூளை நீள்குழாய் பூட்டிய ஊதியால் உள்ளே செலுத்த வேண்டும். தேங்காய் அளவுக் கூட்டுக்கு 20 முதல் 30 கிராம் போதும், பூசணிக்காய் அளவுக்கு அதன் இரு மடங்கு. பிறகு அந்த ஸ்பிறே மருந்தில் நனைத்த பஞ்சால் வாசலை அடைத்துவிட்டு, பின்பக்கமாகவே மெதுவாக விலகி வர வேண்டும். ஓடக்கூடாது.

அதே இரவில் கூட்டை வெட்டி எடுக்கும் அவசரம்தான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. உள்தட்டுகளில் இருப்பவை உடனே சாவதில்லை. ஸ்பிறே வெளித்தட்டைத்தான் தொடும், தூள்தான் மிச்சத்தைச் செய்கிறது, அதற்கு நேரம் வேண்டும். மறுநாள் முழுவதும் கூட்டைச் சுற்றி 30 மீற்றர் தூரத்தில் நாடா கட்டி விட்டுவிட்டு, அடுத்த இரவு அதே உடையோடு வந்து, நடமாட்டம் இல்லை என்று கண்ட பிறகு உரப்பையைக் கீழிருந்து மேலாகப் போர்த்தி, வாயைக் கட்டி, அதற்குப் பிறகே கிளையை வாளால் அறுக்க வேண்டும். கத்தியால் கொத்தினால் அதிர்வு கூட்டுக்குள் இறங்கும். வெளியில் தங்கியிருந்த சில குளவிகள் இரண்டு மூன்று நாள் அதே இடத்தைச் சுற்றும். கூடு இல்லாததால் அவை பெரிதாகத் தாக்காது, ஆனால் பிள்ளைகளை அங்கே விளையாட விடக்கூடாது. நஞ்சேறிய புழுக்களைக் கோழிக்குப் போடக்கூடாது.

ஏணியில் நின்று இதைச் செய்ய வேண்டாம். இருட்டில், முகவலைக்குள், ஏணி மேல் நிற்பவரை ஒரு குளவி கொட்டினாலும் கை விட்டுவிடும். கொட்டைவிட விழுகையே அவரை முடமாக்கும். தரையில் நின்று எட்டாத கூட்டுக்கு, தெருவிளக்குத் திருத்தச் சபைகள் பயன்படுத்தும் தூக்கி வாகனம் வேண்டும். பத்து மீற்றருக்கு மேல் பனையில், கீழே ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருந்தால் பலகை ஒன்றை நட்டு எச்சரித்துவிட்டு விட்டுவிடலாம். குளவி தோட்டத்து மயிர்க்கொட்டியையும் பச்சைப் புழுவையும் வேட்டையாடுகிற உயிர். எல்லாக் கூட்டையும் அழிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

மருந்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. வலிகாமத்தில் வெங்காயத் தோட்டத்துக்கு வாங்கிய கிருமிநாசினி அநேகமான வீடுகளில் இருக்கிறது. அதை முதுகுத் தெளிகருவியில் நிரப்பி மாமரத்துக்கு அடிக்கிறார்கள். நிலத்துக்குள் இருக்கும் கூட்டுக்கு மண்ணெண்ணெயும் பெற்றோலும் ஊற்றுகிறார்கள். எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பெரும்பாலும் குடிப்பது சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் நிற்கும் நிலத்தடி நீர். மேலே ஊற்றியதை அந்தக் கல் வடிகட்டித் தராது, வெடிப்பு வழியாக அப்படியே கிணற்றுக்குக் கொண்டுபோகும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வீட்டுப் பாவனைக்கெனப் பதிவான மருந்தை மட்டுமே சபை வாங்க வேண்டும். நிலக்கூட்டுக்குத் தூள் மட்டும், திரவம் எதுவும் வேண்டாம். அகற்றிய கூட்டைக் கிணற்றிலிருந்து 30 மீற்றராவது தள்ளிப் புதைக்க வேண்டும். நெருக்கமான நகர வளவுகளில் அந்த இடைவெளி கிடைக்காது. அங்கே கட்டிய உரப்பையைச் சபையே எடுத்துப்போக வேண்டும்.

வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடியதும் உண்டு. அதையும் அறிவித்தலாக நீங்கள் வெளியிடலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் திறந்த அடை, தலை உயரத்துக்குள், இருபதுக்குக் குறைவான குளவி என்றால் நஞ்சே தேவையில்லை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் கலந்து தெளிபோத்தலில் நிரப்புங்கள். சவர்க்காரத் தண்ணீர் குளவியின் உடலோரத்தில் உள்ள மூச்சுத் துளைகளுக்குள் புகுந்து அடைத்துவிடும், வெறும் தண்ணீர் அப்படிப் புகாது. நீட்டுக்கை, தொப்பி, கண்ணாடியோடு இருட்டிய பிறகு ஒரு மீற்றரில் நின்று அடை முழுவதும் நனைய அடியுங்கள். தெளிபோத்தல் மெல்லிய புகாராக அடித்தால் எட்டாது, நேர்த்தாரையாகத் திருகி வையுங்கள். முதலில் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டுக் கூட்டுக்குப் போங்கள். விழுந்தவை பத்து நிமிடம் அசையாமல் கிடந்த பிறகு நீண்ட தடியால் அடையைச் சுரண்டி, காம்பு ஒட்டிய புள்ளியையும் துடைத்துவிடுங்கள். சீலிங்குக்குள்ளோ கல் இடுக்குக்குள்ளோ போய்வரும் குளவிக்கு இது சரிவராது. அந்தத் துவாரத்துக்குச் சீமெந்தும் பூசக்கூடாது. வெளிவழி அடைபட்டால் சீலிங்கைக் கடித்துத் துளைத்து அறைக்குள் இறங்கும்.

பெருங்குளவியும் தொடக்கத்தில் இராணி ஒருத்தி தனியாகக் கட்டுவதுதான், எலுமிச்சங்காய் அளவு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கூரை ஓரம், மோட்டர்க் கொட்டில், தாங்கி மூடி, பாவிக்காத மலசலகூடம், வேலியோரப் பற்றை ஆகியவற்றை அண்ணாந்தும் குனிந்தும் பார்க்கும் வீட்டில் பூசணிக்காய் அளவுக் கூடு வளர வாய்ப்பில்லை. வளர்வது பூட்டிய வளவுகளில். உரிமையாளர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ, பராமரிப்பவர் மாதம் ஒருமுறை கேற்றைப் பார்த்துப் போகிறவர். அந்த வளவுகளுக்குள் நுளம்புக் குடம்பி தேடிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஏற்கெனவே போகிறார்கள். அவர்களுடைய டெங்குப் படிவத்தில் "குளவிக்கூடு: உண்டு / இல்லை / இடம்" என்று ஒரு வரி சேர்த்தால், புதிதாக ஓர் ஆளும் எடுக்காமல் மாவட்டம் முழுவதுக்கும் கண்காணிப்புக் கிடைத்துவிடும். இந்த மடலில் செலவே இல்லாத வேண்டுகோள் இதுதான்.

கோயில்களுக்குக் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்பே தேர்முட்டி, கோபுர மாடங்கள், வீதி மரங்கள் பார்க்கப்பட வேண்டும். ஜெனரேற்றரின் அதிர்வும் ஒலிபெருக்கியும் வேட்டும் கூட்டை உசுப்பும். பாடசாலைகளில் தவணை விடுமுறை முடிந்து திறக்கும் முன் அதேபோல். புல்வெட்டியோ இரண்டு சில்லு உழவு இயந்திரமோ இறக்கும் உங்கள் ஊழியர்களும் இயந்திரத்தை இயக்க முன் பற்றையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

கொட்டுப்பட்டால் செய்ய வேண்டியது எல்லா நூலகங்களிலும் சந்தைகளிலும் பலகையாக நிற்க வேண்டும். முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு நேராக ஓடி, வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்க் கதவைச் சாத்துங்கள். கையை வீசாதீர்கள். கிணற்றுக்குள்ளோ குளத்துக்குள்ளோ குதிக்காதீர்கள், மேலே காத்திருக்கும். மோதிரம், காப்பு இருந்தால் வீங்க முன் கழற்றுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு பூச வேண்டாம். நஞ்சு தோலுக்குக் கீழே இருக்கிறது, சுண்ணாம்பு மேலே தோலை மட்டும் பொசுக்கும்.

உதடோ நாக்கோ வீங்குதல், உடல் முழுதும் தடித்தல், மூச்சுத் திணறல், வாந்தி, தலைச்சுற்று, நெஞ்சுநோ, வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 1990. அம்புலன்ஸுக்குப் பணம் தேவையில்லை. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் சாய்த்து இருத்துங்கள், எழுப்பி நடக்க வைக்காதீர்கள். அவரைக் காப்பாற்றுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. பிரிட்டோன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை கடியைக் குறைக்குமே தவிர அடைத்த மூச்சைத் திறக்காது. குளிசை கொடுத்துவிட்டுப் பொறுத்திருந்து பார்ப்பதில்தான் உயிர் போகிறது. பத்துக்கு மேல் கொட்டுப்பட்டவர் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பெருங்குளவி நஞ்சு தசையைச் சிதைக்கும், சிதைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கும். அது ஓரிரு நாள் கழித்தே வெளித்தெரியும். சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனாலோ அளவு குறைந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. நெடுந்தீவு போன்ற இடங்களில் கடலைத் தாண்டவே ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கே கூடு அகற்றும் இரவுக்குப் படகும் தயாராக நிற்க வேண்டும்.

17 சபைகளுக்கும் 17 அணி உடனே வேண்டும் என்று கேட்கவில்லை. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என நாலு அணிகள், சபைகள் செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும். மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவில் ஒழுங்காகப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு சபையின் வாசலிலும் ஒரு தொலைபேசி எண், முறைப்பாட்டுக்கு ஒரு பதிவேடு, மூன்று இரவுக்குள் ஆள் வரும் என்ற உறுதி. கட்டணம் வைக்கலாம், ஆனால் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பத்துக்கு வைக்க வேண்டாம். கட்டணத்துக்குப் பயந்த வீட்டில்தான் மீண்டும் பந்தம் கட்டுவார்கள்.

அணிகளுக்கு இரவில் கூட நின்று பழக்கிக் கொடுக்க நாங்கள் தயார். அதற்குச் சம்பளம் வேண்டாம். வாடை தொடங்கி டெங்குப் பரிசோதனை வளவு வளவாக இறங்கும் முன் அந்தப் படிவத்தில் அந்த ஒரு வரியை மட்டுமாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குளவிக்கூடு அகற்றும் பணியிலும் தேனீ வளர்ப்பிலும் உள்ளவர்கள்,
யாழ்ப்பாணம்.